வறண்ட நிலத்தில் கரப்பான் பூச்சி: முதலில் ஈரத்தை அகற்றுங்கள்

பாலைவனப் பகுதிகளில் கரப்பான் பூச்சி வீட்டிற்குள் வருவதற்கு உணவைவிடத் தண்ணீரே பெரும்பாலும் காரணம். சமையலறையில் குடியேறும் சிறிய பழுப்பு நிறக் கரப்பான் உணவின்றி ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும்; நீரின்றி 2 வாரங்களைக் கடப்பது அதற்குக் கடினம். எனவே கசியும் குழாயையும் ஏ.சி. நீர் சொட்டும் இடத்தையும் சரிசெய்து, இரவில் பாத்திரத் தொட்டியைத் துடைத்து உலரவிடுவது எந்த மருந்துக்கும் முந்தைய வேலையாகும்.

பலர் கவனிக்கத் தவறுவது குளியலறையின் தரை வடிகாலைத்தான். அதன் அடியிலுள்ள வளைவில் தேங்கும் நீரே சாக்கடைக்கும் வீட்டிற்கும் இடையிலான தடுப்பு என்பதால், வறண்ட காற்றில் அந்நீர் ஆவியாகிவிட்டால் பெரிய செம்பழுப்புக் கரப்பான்கள் தடையின்றி மேலே ஏறிவரும். பயன்படுத்தாத வடிகாலில் வாரம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் வெளியூர் செல்வதாயின், நீரின்மேல் சிறிது சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாதல் குறையும்.

அடுத்ததாக, கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்தைக் கதவுக் கீல்களிலும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்திலும் சிறு புள்ளிகளாக இடலாம். அதன் அருகில் ஸ்பிரே அடித்தால் பூச்சிகள் ஜெல்லை நெருங்காது. இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது வீண் செலவு என்றே கருதுகிறேன். போரிக் அமிலத் தூளைக் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடுக்குகளில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தூவ வேண்டும். தூள் குவியலாக இருந்தால் கரப்பான்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

கரப்பான் பெருகிய வீட்டிற்கு அதைத் தின்னத் தேளும் வரக்கூடும். புறஊதா டார்ச் ஒளியில் தேள் பச்சையாக ஒளிரும் என்பதால், இரவில் சுவரோரங்களைச் சோதிப்பது எளிது.