ரத்தம் சிந்தியவரும் எழ வேண்டும்: ஹார்ட்கோர் மல்யுத்த அட்டை விளையாட்டை வீட்டிலேயே செய்யும் முறை

மேசைமேல் ஆடும் மல்யுத்த அட்டை விளையாட்டுகள் புதியவை அல்ல. டாம் ஃபில்சிங்கர் உருவாக்கிய ‘சாம்பியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ 1986ஆம் ஆண்டிலிருந்து இரண்டு பகடைகளையும் வீரர் அட்டைகளையும் மட்டுமே நம்பி நடந்து வருகிறது. ஆனால் நான் விரும்பிப் பார்த்தது பெரிய அரங்கங்களின் மல்யுத்தத்தை அன்று. பிலடெல்பியாவின் பிங்கோ கூடத்தில் இசிடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனம் நடத்தியதையும், அது 2001இல் மூடப்பட்ட பிறகு அதே ரசிகர்களை ஈர்த்த சிஇஸட்டபிள்யூ போன்ற சிறு நிறுவனங்கள் நடத்தியதையும், ஜப்பானில் முள்கம்பிக்கும் குழல்விளக்குக்கும் நடுவே நடந்ததையும்தான். ஆயுதங்களும் ரத்தமுமான அந்த ஹார்ட்கோர் மல்யுத்தத்தை மேசைக்குக் கொண்டுவர முயன்று, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ஒருவாறு சரியாக அமைந்த பின் இதை எழுதுகிறேன். பின்ஃபால் (எதிராளியின் தோள்களை மூன்று எண்ணும்வரை தரையில் அழுத்தி வெல்வது), டிடிடி (எதிராளியின் தலையைப் பிடித்துத் தரையில் மோதும் அடி) போன்றவற்றை இதற்கு மேல் இங்கு விளக்கப்போவதில்லை. இந்தத் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தவருக்கு அவை தெரிந்தே இருக்கும்.

படி 1: எட்டு வீரர்களைத் தேர்ந்தெடுங்கள்

எட்டுக்கு மேல் வேண்டாம். 1995 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் கவாசாகி மைதானத்தில் ஐடபிள்யூஏ ஜப்பான் என்ற நிறுவனம் நடத்திய ‘கிங் ஆஃப் த டெத்மேட்ச்’ போட்டியை அப்படியே முன்மாதிரியாகக் கொண்டேன். ஒரே நாளில் எட்டுப் பேர் மோதி, இறுதியில் கேக்டஸ் ஜாக் டெர்ரி ஃபங்கை வென்ற போட்டி அது. டெர்ரி கோர்டியும், பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங்கும் அதில் இருந்தார்கள். உங்களுக்குப் பிடித்த வேறு எட்டுப் பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இசிடபிள்யூவின் சபூவையும் சாண்ட்மேனையும் சேர்க்காமல் விட்டால் பிறகு வருந்துவீர்கள். வீரர்களின் படங்களை அச்சிடாதீர்கள். பெயர் போதும், வீட்டுப் பயன்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: வீரர் அட்டை

ஒவ்வோர் அட்டையிலும் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: பலம், எழும் எண் (பின்ஃபாலிலிருந்து எழப் பகடைகளில் விழ வேண்டிய குறைந்த எண்), 2 முதல் 12 வரையிலான தாக்குதல் பட்டியல். இரு பகடைகளின் கூட்டுத்தொகை எல்லா எண்களுக்கும் ஒரே அளவில் விழாது என்பதை மட்டும் மறவாதீர்கள். 36 வாய்ப்புகளில் 7 ஆறு முறை விழும். 2, 12 ஆகியவை தலா ஒரு முறைதான் விழும். ஆகவே அந்த வீரரின் பெயர்பெற்ற அடியை 7இல் எழுதும் ஆசையை அடக்கிக்கொண்டு, அங்கே வெறும் குத்தை வையுங்கள். என் கேக்டஸ் ஜாக் அட்டை இப்படி இருக்கிறது:

பலம் 22, எழும் எண் 4.
2: ரிங்கின் விளிம்பிலிருந்து வெளியே பாய்ந்து முழங்கை அடி (4)
3: சறுக்கி விழுகிறார் (0)
4: கயிற்றைத் தாண்டி இருவரையும் வெளியே தள்ளும் க்ளோத்ஸ்லைன் (3)
5: தலையால் முட்டு (2)
6, 7: குத்து (1)
8: மூலையில் ஓடிவந்து முழங்கால் (2)
9: எதிராளி தடுத்துவிட்டார் (0)
10: பைல்டிரைவர் (3)
11: ரிங்குக்கு வெளியே இறங்கித் தேடுகிறார் (1, ஓர் ஆயுத அட்டை)
12: டபுள் ஆர்ம் டிடிடி (4)

அடைப்புக்குள் இருப்பது எதிராளி இழக்கும் பலம். இந்தப் பட்டியலின் சராசரி 1.6க்குச் சற்றுக் குறைவு; அதாவது 18 பலம் கொண்ட ஃபங்கை ஓய வைக்க ஆயுதமின்றி 11 அல்லது 12 தாக்குதல்கள் தேவைப்படும். சராசரி 2ஐத் தாண்டினால் ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே முடிந்துவிடும். ஃபங்குக்குப் பலத்தைக் குறைத்து எழும் எண்ணை 3 ஆக வைத்திருக்கிறேன். கவாசாகியில் அவருக்கு வயது 51, எளிதில் களைப்பார், ஆனால் எளிதில் படுத்திருக்க மாட்டார்.

படி 3: ஆயுதக் கட்டு

நாற்காலி 6, கெண்டோ குச்சி (மூங்கில் கழி) 4, மேசை 4, குண்டூசிப் பை 4, முள்கம்பிப் பலகை 4, குழல்விளக்கு 2 என மொத்தம் 24 அட்டைகள். தாக்கும்போது பகடைகளில் இரட்டை விழுந்தாலோ கூட்டுத்தொகை 11 ஆனாலோ ஓர் அட்டையை எடுத்து, அடுத்த தாக்குதலோடு சேர்த்து இறக்கலாம். 1-1, 6-6 ஆகிய இரட்டைகளுக்கு மட்டும் ஆயுதம் இல்லை; காரணம் பின்சேர்க்கையில் இருக்கிறது. ஆயுத அட்டை ஒவ்வொன்றும் 2 பலத்தைக் குறைத்து, அடிபட்டவருக்கு ஒரு ரத்த வில்லையைக் கொடுக்கும். வில்லைக்குக் கேரம் காய்கள் பொருந்தவில்லை. சிவப்புச் சட்டைப் பொத்தான்கள் பொருந்தின.

மூன்று ஆயுதங்களுக்குத் தனி விதி உண்டு. குண்டூசிப் பையைப் பிரித்தால் அந்த அட்டை ஆட்டம் முடியும்வரை மேசையின் நடுவே கிடக்கும். அதற்குப் பிறகு 3 அல்லது அதற்கு மேல் அடி வாங்குபவர் யாரானாலும், பையைப் பிரித்தவரே ஆனாலும், கூடுதலாக ஒரு வில்லையைப் பெறுவார். குழல்விளக்கு உடைந்தால் இருவருக்குமே ஒரு வில்லை. மேசை அட்டையை இறக்கும்போது தாக்குதலின் கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக வந்தால், அதை விரித்தவரே அதன் மீது விழுவார். ஆயுதம் கையில் வைத்திருப்பவருக்கும் அச்சம் இருந்தால்தான் அது இந்த வகை மல்யுத்தமாகும்.

படி 4: பின்ஃபால், நான் வழுக்கி விழுந்த இடம்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஒரே தாக்குதலில் 3 அல்லது அதற்கு மேல் பலத்தைக் குறைத்தவர் உடனே பின்ஃபாலுக்கு முயலலாம். கீழே கிடப்பவர் இரண்டு பகடைகளை உருட்டி, தம் எழும் எண்ணையோ அதற்கு மேலோ பெற்றால் எழுந்துவிடுவார். ஒவ்வொரு ரத்த வில்லைக்கும் எழும் எண்ணில் 1 கூடும். பலம் பாதியாகக் குறைந்திருந்தால் இன்னும் 1, முழுதும் தீர்ந்திருந்தால் அந்த 1க்குப் பதிலாக 3 கூடும். எப்படிக் கூடினாலும் 10ஐத் தாண்டாது.

என் முதல் வடிவத்தில் இவ்வளவுதான் இருந்தது. ஆயுத அட்டையின் அடியும் அப்போது 5. பார்க்க ஒழுங்கான விதியாகவே தோன்றியது. முதல் ஆட்டத்தில் எனக்கு ஃபங்க், என் தம்பிக்குக் கேக்டஸ். இரண்டாம் சுற்றிலேயே என் கைக்கு நாற்காலி வந்தது. ஆறாம் சுற்றில் அவன் தோற்றான். மறு ஆட்டத்தில் நாற்காலி அவனுக்கு வந்தது. ஏழாம் சுற்றில் நான் தோற்றேன். அவன் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணா, நாற்காலிய எடுத்தவங்கதான் ஜெயிப்பாங்கன்னா மீதி அட்டையெல்லாம் எதுக்கு?” என்று கேட்டான்.

அன்றிரவு எழும் வாய்ப்பைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் எண்களின் சரிவு புரிந்தது. எழும் எண் 4 என்றால் 36இல் 33 முறை எழலாம்; 5 என்றால் 30; 6 என்றால் 26; 7 என்றால் 21; 8 என்றால் 15; 9 என்றால் 10 மட்டுமே. முதல் வில்லை 3 வாய்ப்புகளைப் பறிக்கிறது, நான்காவது வில்லையோ 6ஐப் பறிக்கிறது. வில்லையின் மதிப்பைப் பாதியாக்கிப் பார்த்தேன். அது என் இரண்டாவது தோல்வி. ஆட்டம் நீண்டதே தவிர, முதலில் முந்தியவரே கடைசிவரை முந்திக்கொண்டிருந்தார்.

பிழை எண்ணில் இல்லை, ரத்தத்தை நான் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது. குத்துச்சண்டையில் ரத்தம் தோல்வியின் தொடக்கம். ஹார்ட்கோர் மல்யுத்தத்தில் அது மீட்சியின் தொடக்கம். வெற்றி தோல்வி முன்பே பேசி வைக்கப்பட்டிருக்கும், ஆனால் ரத்தமும் தழும்பும் மெய்யானவை. முகம் சிவந்த வீரர் மண்டியிட்டு எழும் கணத்தில்தான் கூடம் அவர் பக்கம் சாய்கிறது. 1994 ஆகஸ்டில் இசிடபிள்யூ அரங்கில் ஃபங்க் ஒரு நாற்காலி கேட்டபோது, ரசிகர்கள் தாங்கள் அமர்ந்திருந்த நாற்காலிகளையே ரிங்குக்குள் மழையாய் எறிந்து குவித்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நான் ஆயுதத்தைக் கனமான குத்தாக மட்டுமே கணக்கிட்டிருந்தேன்; கணக்கிட வேண்டியிருந்ததோ கதையின் போக்கை.

ஆகவே ஆயுதத்தின் அடியை 2 ஆகக் குறைத்து, ஒரே ஒரு விதியைச் சேர்த்தேன். அதற்கு ஆவேசம் என்று பெயர். தம்மிடம் ரத்த வில்லை இருப்பவர் அதில் ஒன்றைச் செலவழித்து, தாம் உருட்டிய பகடைகளை மறுபடி உருட்டலாம். ஒரு பின்ஃபாலுக்கு ஒரு முறை, ஒரு தாக்குதலுக்கு ஒரு முறை மட்டும். அந்தப் பின்ஃபாலுக்கு எழும் எண் மாறாது, ஆனால் செலவழித்த வில்லை மேசையை விட்டுப் போய்விடும்.

ஒரு சுற்றைக் கிட்டத்தில் பாருங்கள். கேக்டஸிடம் பலம் 13, வில்லைகள் 4. எழும் எண் 8. பின்ஃபாலில் 3, 2 விழுந்து கூட்டுத்தொகை 5 ஆகிறது, எழ முடியாது. ஒரு வில்லையைச் செலவழித்து மறுபடி உருட்டுகிறார், 6, 3 என 9 வருகிறது, எழுந்துவிட்டார். இப்போது அவரிடம் வில்லைகள் 3, அடுத்த பின்ஃபாலுக்கு எழும் எண் 7. ஆவேசம் இல்லாமல் நூற்றுக்கு 42ஆக இருந்த வாய்ப்பு, அதனால் 66 ஆகிறது. வில்லை வாங்குவது ஆபத்தாகவும் சேமிப்பாகவும் ஒரே நேரத்தில் இருப்பதால், எதிராளிக்கு எத்தனை வில்லை கொடுக்கலாம் என்று தாக்குபவரும் யோசிக்கத் தொடங்குகிறார்.

படி 5: அச்சும் வெட்டும்

வீரர் 8, ஆயுதம் 24, போட்டி வகை (ஓர் உதாரணம் பின்சேர்க்கை 3இல்) 4 என 36 அட்டைகள். ஒரு ஏ4 தாளுக்கு ஒன்பது வீதம் நான்கு தாள்கள். எண்களை முதலில் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் வைத்துச் சரிபாருங்கள். அட்டையை வரைய எனக்கு இங்க்ஸ்கேப்தான் பிடிக்கும். சில பட மென்பொருள்களில் தமிழ் எழுத்தின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். இங்க்ஸ்கேப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை. அச்சுக் கடைக்கு எடுத்துச் செல்லும் முன் எழுத்துகளைப் பாதைகளாக மாற்றி, பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அட்டையின் அளவு 63க்கு 88 மி.மீ. மூன்று மூன்றாக அடுக்கினால் 189க்கு 264 ஆகும். ஏ4 தாளில் பக்கவாட்டில் 10.5 மி.மீ., மேலும் கீழும் 16.5 மி.மீ. ஓரம் மிஞ்சும். கடைக்காரரிடம் “நூறு சதவீதத்தில் போடுங்க, பக்கத்துக்குப் பொருத்தாதீங்க” என்று சொல்லாமல் நகராதீர்கள். நான் சொல்லாமல் விட்டதால் முதல் கட்டின் அட்டைகள் சுருங்கி வந்து, உறைக்குள் ஆடிக்கொண்டிருந்தன.

300 ஜி.எஸ்.எம். தாள் போதும். லேமினேஷன் செய்யவே வேண்டாம்; கலைக்கும்போது வழுக்கும், மூலையும் குத்தும். விலை குறைந்த பிளாஸ்டிக் உறைகளே மேல். கத்தரிக்கோலை ஒதுக்கிவிட்டு, எஃகு அளவுகோலும் புதிய கட்டர் அலகும் பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை 1: இரட்டை விழுந்தால் ஆயுதம் என்று மட்டும் முதலில் எழுதியிருந்தேன். 2, 12 ஆகிய கூட்டுத்தொகைகள் இரட்டையாக மட்டுமே வர முடியும், ஆகவே பெயர்பெற்ற அடி விழும்போதெல்லாம் ஆயுதமும் கையில் வந்து சேர்கிறதே என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த இரண்டையும் நீக்கியபோது ஆயுதம் வரும் வாய்ப்பு 36இல் 6இலிருந்து 4 ஆகக் குறைந்தது. 36இல் 2 முறை விழும் 11ஐச் சேர்த்துப் பழையபடி 6 ஆக்கினேன். ரிங்குக்கு அடியில் தேடி எடுப்பது கண்ணுக்கும் பொருத்தமாக இருக்கிறது.

பின்சேர்க்கை 2: தனியாக ஆடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆடலாம். பின்ஃபால் வாய்ப்பு கிடைத்தால் எதிராளியின் எழும் எண் 6 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது மட்டும் முயலுங்கள். ஆவேசத்தைப் பின்ஃபாலிலிருந்து எழ மட்டும் செலவழியுங்கள். இரு பக்கத்துக்கும் ஒரே கட்டுப்பாடு என்பதால் உங்கள் செல்ல வீரருக்குச் சலுகை காட்ட முடியாது.

பின்சேர்க்கை 3: எட்டுப் பேர் போட்டியாக ஆடும்போது, வென்றவர் தம்மிடம் மிஞ்சிய வில்லைகளில் பாதியை, பின்னம் வந்தால் குறைத்து, அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும், பலம் மட்டும் முழுதாகத் திரும்பும். ஏழு ஆட்டங்களுக்கு எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இறுதி ஆட்டத்துக்கு நேர வெடிகுண்டு என்ற போட்டி வகை அட்டையை வைத்திருக்கிறேன். பத்தாம் சுற்று முடிந்ததும் ரிங் வெடித்து இருவரும் பலத்தை இழப்பார்கள். எவ்வளவு இழப்பு என்று கேட்டவர்களுக்கு: 2 மட்டுமே. கவாசாகி இறுதியில் எல்லாரும் காத்திருந்த அந்த வெடிப்பும் எதிர்பார்த்த அளவுக்கு வெடிக்கவில்லை. அதை மட்டும் நான் மாற்றப்போவதில்லை.