அடி, கடி, அலறல்: காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு திட்டம் போடுவது எப்படி?

பிள்ளை அடிக்கிறான், கடிக்கிறான் என்றால் "எப்படி நிறுத்துவது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரே மாதிரி அடிக்குப் பின்னால் வேறுவேறு காரணங்கள் இருக்கலாம். காரணம் தெரியாமல் போடும் திட்டம் சில நேரம் அடியை வளர்த்தும் விடும்.

படி 1: முதலில் உடம்பு

திடீரென்று தொடங்கிய நடத்தையா? பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு, மாதவிடாய் வலி எல்லாவற்றையும் பாருங்கள். பேச்சு வராத பிள்ளை வலியை வேறு எப்படிச் சொல்லும்? தலையை மோதிக்கொள்வது, கண்ணைக் குத்திக்கொள்வது என்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

படி 2: ஏபிசி பதிவு

ஒரே ஒரு நடத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்பு (Antecedent), நடத்தை (Behaviour), பின்பு (Consequence). இந்த மூன்றின் முதல் எழுத்துகள்தான் ஏபிசி. இதற்கென்று ஆப்கள் இருக்கின்றன. என் ஓட்டு நோட்டுக்கும் பென்சிலுக்கும்தான். அலறும் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது போனைத் திறந்து மெனு தேட முடியாது.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. "கோபத்தில் ரகளை செய்தான்" என்று எழுதினால் அது தீர்ப்பு, பதிவு இல்லை. கேமராவில் என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுங்கள்:

முன்பு: கணக்குத் தாளை மேசையில் வைத்தேன்.
நடத்தை: பென்சிலை எறிந்தான், பக்கத்துப் பையனைக் கிள்ளினான்.
பின்பு: வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தேன்.

மூன்றாவது வரியைப் பாருங்கள். ஆசிரியருக்கு அது தண்டனை. பையனுக்குக் கணக்கிலிருந்து விடுதலை. நாளைக்கும் கிள்ளுவான். "பின்பு" கட்டத்தில் "ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதுகிறவர்களும் உண்டு. திட்டினீர்களா? வகுப்பே திரும்பிப் பார்த்ததா? அதையும் எழுதுங்கள். நேரத்தையும் குறியுங்கள், இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால் அதையும்.

படி 3: என்ன கிடைக்கிறது?

பதிவுகள் சேர்ந்ததும் வரிசையாகப் படியுங்கள். பெரும்பாலும் நாலில் ஒன்றில் வந்து நிற்கும்: கவனம், வேண்டாத வேலையிலிருந்து தப்பிப்பது, விரும்பிய பொருள், உடம்புக்குக் கிடைக்கும் புலனுணர்வு (தொடுவது, ஆடுவது, சத்தம் கேட்பது போன்ற உணர்வு). தனியாக இருக்கும்போதும் நடந்தால் கடைசியைச் சந்தேகியுங்கள்.

1982-இல் அமெரிக்க உளவியலாளர் பிரையன் இவாட்டா குழுவினர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். அது எந்தச் சூழலில் கூடியது என்பது ஆளுக்கு ஆள் மாறியது.

படி 4: மாற்று வழி

அதே பலனைத் தரும் வேறொன்றைக் கற்றுக்கொடுங்கள். 1985-இல் கார், டூரண்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும், வேலை கடினமாக இருந்ததால் முரண்டு பிடித்த பிள்ளைகளுக்கு உதவி கேட்கும் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள், முரண்டு குறைந்தது. காரணத்தோடு பொருந்தாத வாக்கியத்தைக் கொடுத்தபோது குறையவில்லை. தப்பிக்கத்தான் கிள்ளுகிறான் என்றால் எத்தனை "சபாஷ்" போட்டாலும் வேலைக்காகாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மாற்று வழி கிள்ளுவதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். 'இடைவேளை' அட்டை பையில் இருந்தால் பயனில்லை, மேசையிலேயே இருக்கட்டும். தொட்டவுடன், ஒவ்வொரு முறையும், இடைவேளை கொடுங்கள். "இதை முடி, அப்புறம்" என்பதெல்லாம் பிறகு, மெதுவாக. கூடவே தாளையும் பாதியாகக் குறையுங்கள்.

பின்சேர்க்கை: "கண்டுகொள்ளாமல் விட்டதும் அலறல் இன்னும் கூடிவிட்டது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். கவனத்துக்காக நடப்பது, கவனம் நின்றதும் கொஞ்ச காலம் ஏறிவிட்டு இறங்குவதுண்டு. அலறல் உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் விட்டுக்கொடுத்தால், இவ்வளவு கத்தினால்தான் வேலை நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அதனால் மாற்று வழியைக் கற்றுக்கொடுக்காமல் வெறுமனே கண்டுகொள்ளாமல் விடுவதை நான் சொல்லவே மாட்டேன். காயம் வரும் நடத்தையில் இந்த முறை கூடாது. உடனே தடுங்கள், சிறப்பாசிரியரையோ உளவியலாளரையோ கூட்டிக்கொள்ளுங்கள். புலனுணர்வுக்காக நடப்பதென்றால் நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். அங்கே அதே உணர்வைத் தரும் பாதுகாப்பான பொருளைத் தேடுங்கள்.