மின்புலம் எங்கே சுழி? முதலில் அம்பு, அப்புறம் கணக்கு

இரண்டு புள்ளி மின்னூட்டங்களைக் கொடுத்து மின்புலம் எங்கே சுழி என்று கேட்டால், என்னிடம் படிக்கும் பிள்ளைகள் உடனே சூத்திரத்தில் இறங்கிவிடுவார்கள். நான் பேனாவைப் பிடுங்காத குறைதான். முதலில் படம் வரைந்து, ஒவ்வொரு மின்னூட்டத்தின் புலமும் எந்தப் பக்கம் என்று அம்பு போடுங்கள்.

இடப்பக்கம் +4 மைக்ரோகூலூம், 30 செ.மீ. தள்ளி வலப்பக்கம் −1 மைக்ரோகூலூம். இரண்டுக்கும் நடுவே சிறிய நேர் சோதனை மின்னூட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். +4 அதை வலப்பக்கம் தள்ளும். −1 அதே பக்கம் இழுக்கும். அங்கே சுழி வர வழியே இல்லை. +4-க்கு இடப்பக்கம் போனால், பெரியதும் அதுதான், பக்கத்தில் இருப்பதும் அதுதான்; −1 ஈடுகொடுக்காது. இரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து விலகினால் அம்புகள் நேரெதிராக அமையாது. மிச்சம், −1-க்கு வலப்பக்கம்.

புலத்தின் அளவு மின்னூட்டத்தைத் தொலைவின் வர்க்கத்தால் வகுப்பதைப் பொறுத்தது. −1-லிருந்து சுழி வரும் இடத்துக்குள்ள தொலைவு 'த' என்றால், 4/(30+த)² = 1/த². திசையை அம்பு பார்த்துக்கொண்டது. கழித்தல் குறியை இங்கே நுழைக்காதீர்கள். விரித்து இருபடிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், இருபுறமும் வர்க்கமூலம் எடுத்தால் போதும்: 2த = 30 + த. சரி, த = 30 செ.மீ.

சரிபார்க்க: +4-லிருந்து அந்த இடம் 0.6 மீட்டர். புலம் 9×10⁹ (கூலூம் மாறிலி) × 4×10⁻⁶ ÷ 0.36 = 10⁵ நியூட்டன்/கூலூம். 0.3 மீட்டரில் −1 தருவதும் அதே 10⁵, எதிர்த்திசையில்.