லோரா செய்தவர் கையில் காசு சேர்ப்பது எப்படி? முதன்முறை கொடுப்பவர்களுக்கு

வேலூர் தோட்டப்பாளையத்தில் எனக்கு ஒரு சின்ன அச்சு வடிவமைப்புக் கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், ஜவுளிக்கடைப் பை, இவைதான் பிழைப்பு. தை மாதத்தில் குடியாத்தத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். கைலி மடிப்பின் மேல் ஒட்டுகிற லேபிள் வேண்டும் என்றார். "எங்கள் அப்பா காலத்து லேபிள் மாதிரி இருக்க வேண்டும் தம்பி. மயில் தோகை விரித்து நிற்க வேண்டும், ஓரத்தில் தங்கக் கோடு ஓட வேண்டும்."

கையால் வரைந்தால் நான்கு நாள் வேலை. கடைக் கணினியில், எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் ஏஐ மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் இருக்கிறது. அதில் பழைய கல்லச்சுப் படங்களின் சாயலைக் கொண்டுவரும் லோரா என்ற துணைக்கோப்பு ஒன்றை ஏற்றி ஒரே மாலையில் மயிலை முடித்துவிட்டேன். எழுத்தை மட்டும் நானே கோத்தேன். 'குடியாத்தம்' என்று எழுதச் சொன்னால் இந்த மாடல்கள் இன்னும் ஜிலேபிதான் சுற்றுகின்றன. தறிக்காரர் இரண்டாயிரம் ரூபாய் எண்ணி வைத்தார். பணத்தைக் கல்லாவில் போடும்போதுதான் உறைத்தது: அந்தத் தங்கக் கோட்டின் மங்கலும், மை கொஞ்சம் விலகி விழுந்தது போன்ற அந்த அழகும் என் கை வேலை அல்ல. முகம் தெரியாத ஒருவர் செய்து இலவசமாக வைத்த வேலை.

அவருக்கு ஐந்து டாலர் அனுப்ப எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. நான் சுற்றிய சுற்று உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்தது. அதன் கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கித் தம் கணினியிலேயே ஓட்டலாம். அதன் பெரிய பதிப்பான எஸ்டிஎக்ஸ்எல் போன்ற அடிப்படை மாடல் ஏறத்தாழ ஏழு ஜிபி இருக்கும். லோரா அதன் மேல் ஏற்றும் சின்னக் கோப்பு, பெரும்பாலும் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு பாணியையோ ஒரு பொருளையோ அடிப்படை மாடலுக்குக் கற்றுக்கொடுக்கும். சமையலோடு ஒப்பிட்டால் அடிப்படை மாடல் சோறு, லோரா குழம்பு. சோறு பெரிய நிறுவனங்களின் அடுப்பில் வெந்து வருகிறது. குழம்பு பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டில் இரவு விழித்து வைத்தது. பழக்குவதற்கான படங்களைத் தேடி, ஓரம் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுவதிலேயே நாள் கணக்கில் போய்விடும். பிறகு ஜிபியு, அதாவது மாடலைப் பழக்கத் தேவையான வேகமான கணினிச் சில்லின் வாடகை. சரியாக வரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது: முதலில் குழம்பு வைத்தவருக்கு. சோறு சமைக்கும் ஸ்டெபிலிட்டி ஏஐ, பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் போன்றவை முதலீட்டாளர் பணத்தில் நடக்கும் நிறுவனங்கள். நம் ஐந்து டாலருக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

படி 1: செய்தவர் யார் என்று உறுதிசெய்யுங்கள்

இதில் அவசரப்பட்டுத்தான் நான் ஏமாந்தேன். முதல் மூன்று டாலரைக் கொடுத்தது லோராவைச் செய்தவருக்கு அல்ல. வேறொருவர் செய்ததை எடுத்துத் தன் பெயரில் மறுபடி ஏற்றியிருந்த ஓர் ஆளுக்கு. பக்கம் பளபளப்பாக இருந்தது, மாதிரிப் படங்களும் நிறைய இருந்தன, நம்பிவிட்டேன்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் என்று ஒரு கைரேகை உண்டு, எண்ணும் எழுத்துமாக ஒரு நீளச் சரம். மாடல்களையும் லோராக்களையும் பகிரும் சிவிட்டாய் தளத்தில் மாடல் பக்கத்தின் விவரப் பகுதியிலேயே அது இருக்கும். மாடல்களைப் பகிரும் இன்னொரு தளமான ஹக்கிங் ஃபேஸில் கோப்பின் பெயரைத் தட்டினால் தெரியும். அந்தச் சரத்தை நகலெடுத்துத் தேடுங்கள். ஒரே கைரேகை இரண்டு பக்கங்களில் இருந்தால், எது முதலில் ஏறியது என்று தேதியைப் பாருங்கள். நான் கொடுத்த பக்கத்துக்கு ஐந்து மாதம் முன்னதாகவே அதே கோப்பு இன்னொருவர் பெயரில் இருந்தது.

இன்னொரு அடையாளமும் உண்டு. செய்தவர் தம் வேலையைப் பற்றிப் பேசுவார். எத்தனை படங்களில் பழக்கினேன், எந்த அளவு பலத்தில் ஏற்றினால் நன்றாக வரும், எங்கே சொதப்பும் என்றெல்லாம் எழுதியிருப்பார். எடுத்துப் போட்டவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கருத்துப் பகுதியில் 'கை விரல்கள் சரியாக வரவில்லையே' என்று யாராவது கேட்டால் பதில் வருகிறதா என்று பாருங்கள்.

பழக்கிய படங்கள் யாருடையவை என்பதையும் நான் பார்க்கிறேன். இந்தியச் சட்டப்படி ஓவியத்துக்கான பதிப்புரிமை ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை உண்டு. ரவிவர்மா 1906இல் மறைந்தார், அவர் ஓவியங்களில் யார் வேண்டுமானாலும் பழக்கலாம். இன்று வரைந்து பிழைக்கும் ஓர் ஓவியரின் பெயரையே தலைப்பில் போட்டு, அவரைக் கேட்காமல் செய்த லோராக்களும் ஏராளம். அவற்றுக்கு நான் காசு கொடுப்பதில்லை, பயன்படுத்துவதும் இல்லை. இது என் கணக்கு. ஒப்புக்கொள்ளாத நண்பர்களும் எனக்கு இருக்கிறார்கள்.

படி 2: உரிமத்தைப் படியுங்கள்

அன்பளிப்புக் கொடுத்துவிட்டால் வணிக உரிமை கிடைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. அன்பளிப்பு வேறு, உரிமம் வேறு. சிவிட்டாயில் ஒவ்வொரு மாடல் பக்கத்திலும் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும்: உருவாக்கும் படங்களை விற்கலாமா, செய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டுமா, வேறு மாடலோடு கலக்கலாமா என்று. விற்கக் கூடாது என்று போட்டிருந்தால், என்னைப் போல வாடிக்கையாளருக்குச் செய்கிறவர்கள் நூறு டாலர் கொடுத்தாலும் பயன்படுத்தக் கூடாது. கடிதம் எழுதித் தனி அனுமதி வாங்க வேண்டும்.

அடிப்படை மாடலின் உரிமத்தையும் பாருங்கள். 2024 ஆகஸ்டில் பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸிடமிருந்து வந்த ஃப்ளக்ஸ் 1 என்ற மாடல் வரிசையில் ஷ்னெல் என்பது அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது, தாராளமானது. டெவ் என்பதற்கு வணிகமல்லாத பயன்பாட்டு உரிமம். அதன் மேல் ஏற்றும் லோரா எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அடியில் இருப்பதன் கட்டு தளராது.

படி 3: எந்த வழியில் கொடுப்பது

செய்தவரின் பக்கத்தில் அவரே கொடுத்திருக்கும் இணைப்பைத்தான் தட்ட வேண்டும். தேடுபொறியில் பெயரைப் போட்டுத் தேடினால் மறுபடி படி 1க்கே வந்து நிற்பீர்கள்.

கோ-ஃபை: ஒருமுறை கொடுக்கும் அன்பளிப்பில் தளம் தன் பங்கு எதுவும் எடுப்பதில்லை, பணப் பரிமாற்ற நிறுவனத்தின் கட்டணம் மட்டும் கழியும். முதல்முறை கொடுப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

கிட்ஹப் ஸ்பான்சர்ஸ்: நிரல் எழுதுகிறவர்களுக்கு. இந்த மாடல்களை ஓட்டும் கம்ஃபியூஐ என்ற மென்பொருளில் சேர்க்கும் கூடுதல் துணுக்குகளை (நோடுகளை)த் தனியாளாக எழுதிப் பராமரிப்பவர்கள் பலர் இங்கே இருப்பார்கள். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கொடுத்தால் கிட்ஹப் கழிப்பதில்லை. ஒருமுறை மட்டும் கொடுக்கும் வசதியும் உண்டு.

பேட்ரியான்: மாதச் சந்தா. புதிதாகச் சேரும் படைப்பாளிகளிடம் பத்து சதவீதம் எடுக்கிறது. ஐஃபோன் செயலி வழியாகச் சேர்ந்தால் ஆப்பிளின் கட்டணமும் விலையில் ஏறிக்கொள்ளும். உலாவியில் திறந்து சேருங்கள்.

தளத்துக்குள் ஓடும் புள்ளிகள்: சிவிட்டாயில் பஸ் என்ற பெயரில் ஒரு புள்ளி நாணயம் இருக்கிறது (நம் ஊர்ப் பேருந்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது வண்டின் ரீங்காரம்). பிடித்த படைப்புக்கு அதை அள்ளிக் கொடுக்கலாம். கொடுப்பது எளிது. ஆனால் இலவசமாகச் சேர்ந்த புள்ளியும் காசு கொடுத்து வாங்கிய புள்ளியும் ஒன்றல்ல. எது பணமாக மாறும், எது மாறாது என்பது தள விதியைப் பொறுத்தது. 2025 மே மாதத்தில் அந்தத் தளத்துக்கு அட்டை வழிப் பணம் பெறுவதே நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் புள்ளிகளைப் பாராட்டாக மட்டும் வைத்துக்கொண்டேன், காசு என்றால் நேரடி இணைப்புதான்.

நம் நாட்டுக்காரர் என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. காட்பாடியில் படிக்கும் ஒரு மாணவர் தெருக்கூத்துக் கிரீடங்களுக்கும் புஜக்கட்டைகளுக்கும் ஒரு லோரா செய்திருந்தார். யுபிஐயில் ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன். மூன்று விநாடி.

படி 4: அட்டையைத் தயார் செய்யுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டும் முன் நான் அட்டை எண்ணைப் போட்டேன், மறுக்கப்பட்டது. இன்னொருமுறை, மறுபடி மறுப்பு. கணக்கில் பணம் இருக்கிறது. மறுநாள் வங்கிக்குப் போனால், "வெளிநாட்டுத் தளம் என்றால் மோசடியாகத்தான் இருக்கும் சார்" என்று அறிவுரை கிடைத்ததே தவிர வழி கிடைக்கவில்லை.

வழி கைப்பேசியிலேயே இருந்தது. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்தே இருக்கும், நாம்தான் திறக்க வேண்டும். வங்கிச் செயலியில் அட்டை என்ற பகுதிக்குப் போய், வெளிநாட்டுப் பயன்பாடு, அதற்குள் இணையவழி என்பதை மட்டும் திறந்து, வரம்பை ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். கொடுத்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலேயே பணத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த வரம்புதான் உங்கள் பூட்டு.

மாதச் சந்தா போட்டால் இரண்டாவது மாதமே தடைப்படலாம். தானாகக் கழியும் பணத்துக்கு முன்கூட்டியே வங்கி வழி அனுமதி வேண்டும் என்ற விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளாத வெளிநாட்டுத் தளங்களின் கோரிக்கையை வங்கி நிராகரித்துவிடும். தவறு உங்களுடையதும் அல்ல, வாங்குகிறவருடையதும் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் அனுப்பிவிடுகிறேன், நிம்மதியாக இருக்கிறது.

படி 5: எவ்வளவு

ஒரு டாலராகப் பிய்த்துப் பிய்த்து அனுப்பாதீர்கள். பரிமாற்றக் கட்டணத்தில் சதவீதத்தோடு நிலையான ஒரு தொகையும் உண்டு, பொதுவாக முப்பது சென்ட் அளவில். ஒரு டாலரில் அது மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஐந்து டாலரில் தெரியாது. நம் பக்கத்தில் அட்டைக்காரர் அந்நியச் செலாவணிக் கட்டணமாக இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம் வரை போடுவார், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. என் முறை: வாடிக்கையாளரிடம் வாங்கிய வேலை என்றால் கூலியில் நூற்றுக்குப் பத்து. அடுத்த வேலையையும் அதே லோராவில் செய்தால் அதிலும் பத்து. சும்மா விளையாடிப் பார்த்ததற்குக் காசு இல்லை, படம் மட்டும்.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கையில் காசில்லாத மாணவர்களும் நிறையச் செய்யலாம். மாடல் பக்கத்தில் நீங்கள் உருவாக்கிய நல்ல படத்தை, எழுதிய கட்டளையோடு ஏற்றுங்கள். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத்தான் இறக்குவார். எங்கே சொதப்புகிறது என்று பொறுமையாக எழுதுங்கள்.

படி 6: கூட ஒரு வரி எழுதுங்கள்

அன்பளிப்புப் பெட்டியில் செய்தி எழுத இடம் இருக்கும். 'அருமை' என்று போட்டுவிட்டு வராதீர்கள். எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். நான் மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு மூன்று வரி எழுதி, லேபிள் ஒட்டிய கைலிக் கட்டைப் படமெடுத்து இணைப்பையும் கொடுத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. நன்றி ஒரு வரி, மீதி ஒன்பது வரியும் கேள்வி. கைலி என்றால் என்ன? அதை எப்படி மடிக்கிறார்கள்? லேபிளை ஏன் துணியில் தைக்காமல் ஒட்டுகிறார்கள்? இடுப்பில் கட்டிக் காட்டும் படம் ஒன்றை அனுப்ப முடியுமா? கடைப் பையனைக் கட்டச் சொல்லி எடுத்து அனுப்பினேன். அவன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

படி 7: கேட்டுச் செய்யச் சொல்வது

இது கொஞ்சம் பழகிய பிறகு. தறிக்காரர் போன வாரம் மறுபடி வந்தார், இந்த முறை கிளி வேண்டுமாம். அந்த லோராவில் கிளி வருவதில்லை. எவ்வளவு பாடுபட்டாலும் பச்சைப் புறாதான் வருகிறது. செய்தவருக்கே எழுதினேன்: கிளிக்கும் மாங்காய்க்கும் சேர்த்து ஒன்று செய்து தர முடியுமா, இருபத்தைந்து டாலர் தருகிறேன். பாதி முன்பணம், பாதி கோப்பு வந்து சோதித்த பிறகு, வணிக உரிமை உண்டு என்று எழுத்தில் வேண்டும், மற்றவர்களுக்கும் அவர் இலவசமாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நான்கு நிபந்தனை. ஒப்புக்கொண்டார். பணம் போதும், படம்தான் இல்லை என்றார். அந்தக் காலத்து லேபிள்களின் தெளிவான படங்கள் இருபது, முப்பதாவது வேண்டும், உரிமையாளர் சம்மதமும் வேண்டும்.

தறிக்காரரைக் கேட்டேன். "அப்பா பெட்டி பரண்மேல் இருக்கிறது தம்பி, பூச்சி அரித்திருக்கும், வந்து பார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறுகிறேன்.