தொலைவு–நேர வரைபடத்தில் வேகம் எங்கே இருக்கிறது?

தொலைவு–நேர வரைபடத்தைப் படிக்கும்போது நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை, கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் விடுவதால் வருபவை. வேகத்தைக் காட்டுவது அந்தச் சரிவுதான்.

2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அவர் 20, 40, 60, 80 மீட்டர்களைக் கடந்த நேரங்கள் முறையே 2.89, 4.64, 6.31, 7.92 விநாடிகள். நேரத்தைக் கிடையச்சிலும் தொலைவைச் செங்குத்தச்சிலும் குறித்து இவற்றை இணைத்தால் கோடு இறுதிவரை ஏறிக்கொண்டே செல்லும். அதைக் கண்டதும் வேகமும் இறுதிவரை கூடியது என்று விடை எழுதுவோர் பலர். ஆனால் 60 முதல் 80 மீட்டர் வரை 1.61 விநாடி எடுத்துக்கொண்டவர், கடைசி 20 மீட்டருக்கு 1.66 விநாடி எடுத்துக்கொண்டார். விநாடிக்கு ஏறத்தாழ 12.4 மீட்டராக இருந்த வேகம் 12.0 மீட்டராகக் குறைந்துவிட்டது. கோடு ஏறுவதிலிருந்து அவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டுமே தெரியும்.

இதைவிட நுட்பமான பிழை, நன்றாகப் படிப்பவர்களிடமே காணப்படுகிறது. 60 மீட்டரில் வேகம் என்ன என்று கேட்டால், மனப்பாடமான வாய்பாட்டின்படி 60ஐ 6.31ஆல் வகுத்து 9.5 என்கிறார்கள். அது தொடக்கத்திலிருந்து அதுவரையிலான சராசரி வேகம். அந்தக் கணத்து வேகம் வேண்டுமானால், அப்புள்ளியில் வளைகோட்டுக்குத் தொடுகோடு (அங்கே அதைத் தொட்டு அதே சரிவில் செல்லும் நேர்கோடு) வரைந்து, அத்தொடுகோட்டின் மீது நன்கு விலகிய இரு புள்ளிகளை எடுத்து, தொலைவின் மாற்றத்தை நேரத்தின் மாற்றத்தால் வகுக்க வேண்டும். விடை 12ஐ ஒட்டி வரும். வரைபடம் ஆதிப்புள்ளி (இரு அச்சுகளும் சந்திக்கும் புள்ளி) வழியே செல்லும் நேர்கோடாக இருந்தால்தான் எல்லாப் புள்ளிகளிலும் இரண்டு வழிகளுக்கும் ஒரே விடை கிடைக்கும்.

கிடைக்கோட்டைச் சீரான வேகம் என்று கொள்வது, வேக–நேர வரைபடத்தின் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதால் நேரும் குழப்பம். துப்பாக்கி ஒலித்து 0.146 விநாடி கழித்தே போல்ட் புறப்பட்டார். அந்தச் சிறு கிடைத்துண்டு அவர் அசையாதிருந்த நேரத்தைக் குறிக்கிறது.

அளவுத்திட்டம் வேறுபடும் இரு படங்களின் சரிவைக் கண்ணால் ஒப்பிடுவதும் ஏமாற்றும், ஏனெனில் நேர அச்சை அகலமாக இழுத்தாலே அதே ஓட்டம் மந்தமாகத் தோன்றும். இறங்கும் கோட்டைக் கண்டால், செங்குத்தச்சில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்: கடந்த மொத்தத் தொலைவு ஒருபோதும் குறையாது, தொடக்க இடத்திலிருந்து உள்ள தொலைவோ திரும்பி வரும்போது குறையும்.