தோட்டத்தில் அடிபட்டால்: இழப்பீட்டில் கோட்டைவிடும் இடங்கள்

போடி, கம்பம் பக்கமிருந்து ஜீப்பேறி கேரளத்தின் உடும்பன்சோலை ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு அடிபட்டால், பேச்சுவார்த்தை பல நேரம் கங்காணி முன்னிலையிலேயே முடிந்துவிடுகிறது. கையில் ஒரு தொகை, வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து. பெரிய நஷ்டம் இங்கேதான். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குவது சட்டப்படி செல்லாது. மொத்தமாகப் பணம் வாங்கி முடிப்பதென்றால் அந்த ஒப்பந்தம் இழப்பீட்டு அதிகாரியிடம் பதிவாக வேண்டும். தொகை போதாதென்றால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். தொழிலாளி இறந்திருந்தாலோ, மொத்தத் தொகை பெண் தொழிலாளிக்குச் சேர வேண்டியதாக இருந்தாலோ, பணத்தை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அது 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. கணக்குப் போடும் முறை அதேதான்.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் பேரம் பேச உட்காராதீர்கள். முழு நிரந்தர ஊனத்துக்கு மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். மரணத்துக்கு 50 சதவீதம். 2020 அறிவிப்புப்படி கணக்கில் எடுக்கும் மாதக் கூலிக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். 40 வயதுக்குக் காரணி 184.17. ஆக முழு ஊனத்துக்கு 15,000-ல் 60 சதவீதமான 9,000 × 184.17 = 16,57,530 ரூபாய். அதே ஆளுக்குக் கட்டைவிரல் மட்டும் போயிருந்தால் அட்டவணைப்படி 30 சதவீதம், அதாவது 4,97,259 ரூபாய். இதைத் தெரிந்தவர் இருபதாயிரத்துக்குத் தலையாட்ட மாட்டார்.

மருத்துவர் எழுதும் ஊன சதவீதத்தோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. பார்க்க வேண்டியது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை. இடது கையை இழந்த தச்சருக்கு 100 சதவீத இழப்பு என்றே 1976-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கவ்வாத்து வெட்டுகிறவர் (கிளை கழிக்கிறவர்), மருந்து அடிக்கிறவர், காய் பறிக்கிறவர் என்று வேலையைத் தெளிவாகச் சொல்லிச் சான்றிதழ் கேளுங்கள்.

ஓ.பி. சீட்டில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதவிட்டால் வழக்கே ஆட்டம் காணும். எங்கே, எந்த வேலையில், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே எழுத வையுங்கள். செக்ரோல் (வருகைப் பதிவேடு) பக்கத்தையும் கூலிச் சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். முதலாளிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவச் செலவைத் தனியாகத் திரும்பக் கேட்கலாம். அதற்கு பில் வேண்டும்.

விபத்து கேரளத்தில் நடந்ததால் அங்கேதான் அலைய வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான அதிகாரியிடமே மனுச் செய்யலாம். கான்ட்ராக்டர் ஆள் என்று தோட்டக்காரர் கைகழுவவும் முடியாது. அவர் கொடுத்துவிட்டு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

ஜீப் கவிழ்ந்தால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயம், தொழிலாளர் இழப்பீடு என இரண்டு வழி உண்டு, ஆனால் ஒன்றைத்தான் எடுக்கலாம். தீர்ப்பாயத்தில் பொதுவாக ஓட்டுநரின் தவறை நிரூபிக்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டில் அப்படி யாருடைய தவறையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வக்கீலிடம் இரண்டு தொகையையும் போட்டுப் பார்த்த பிறகு மனுவில் கையெழுத்திடுங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள தொழிற்சாலை ஆள் இந்த இழப்பீட்டை முதலாளியிடம் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ. வழியாகத்தான் பெற வேண்டும்.

மனுவை இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் முதலாளி தொகையைக் கட்டவில்லையென்றால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு, காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. மனுவிலேயே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.