படகிலிருந்து 5 வாட் ஹாம் ரேடியோ: 20 மீட்டர் அலைவரிசைக்கு எளிய ஏற்பாடு

செங்குத்து ஆன்டெனாவுக்கு உப்புநீரை மிஞ்சிய தரை (ஆன்டெனாவின் மறுபாதியாக மின்னோட்டம் திரும்பும் பரப்பு) கிடையாது. அலை தாழ்வான கோணத்தில் கிளம்புவதால் 5 வாட்டே வெகுதூரம் போகும். ஆனால் உப்பு இருக்க வேண்டும். முட்டுக்காடு கழிமுகத்தில் பலிக்கிற இந்த ஏற்பாடு கொடைக்கானல் ஏரியில் அப்படியே பலிக்காது. ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) உரிமம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

1. கம்பம். 6 மீட்டர் ஃபைபர்கிளாஸ் தூண்டில் கம்பு போதும். கார்பன் கம்பு வேண்டாம், அது மின்சாரம் கடத்தும். குறுக்குப் பலகையில் பிவிசி குழாய்த்துண்டைக் கட்டி அதில் கம்பை நிறுத்துங்கள். மேலே மின்கம்பி போகிற இடத்துக்கும் பாலத்தடிக்கும் போகவே கூடாது. இடி கேட்டால் கம்பை உடனே இறக்கிவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். லைஃப் ஜாக்கெட் போடாமல் படகில் ஏற வேண்டாம்.

2. கம்பி. 14.060 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் சுமார் 5.1 மீட்டர். பிறகு சரிசெய்ய இடம் விட்டு 5.3 மீட்டராக வெட்டி, கோஆக்ஸின் (ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) நடுக்கம்பியோடு இணைத்துக் கம்பத்தில் ஏற்றுங்கள்.

3. நீர்த் தரை. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கோஆக்ஸின் வெளிப்பின்னலில் 5 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளமுள்ள செப்புத் தகட்டை இணைத்துப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். பாதி நீருக்குள் இருக்கட்டும். ஆழமாக இறக்கிப் பயனில்லை. இந்த அலைவரிசையில் மின்னோட்டம் கடல்நீரின் மேல் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். படகு ஆடும்போது எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் விகிதம்; 1.0 முழுப் பொருத்தம்) குதித்தால் தகடு நீரைவிட்டு வெளியே வருகிறது என்று அர்த்தம். மறுபக்கமும் ஒன்று தொங்கவிடுங்கள். நன்னீரில் தகட்டுக்குப் பதில் 5 மீட்டர் கம்பிகள் இரண்டைப் படகின் இரு விளிம்புகளிலும் ஓட்டுங்கள். மழைக்காலத்தில் முட்டுக்காட்டிலும் உப்பு குறையும், அப்போதும் இதுவே வழி.

4. ஒத்திசைவு. கரையில் வைத்து அளக்காதீர்கள். படகை மிதக்கவிட்டு நானோவிஎன்ஏவில் (ஆன்டெனாவை அளக்கும் கையடக்கக் கருவி) பாருங்கள். கம்பி நுனியை 2 செ.மீ. மடித்தால் ஒத்திசைவு (ஆன்டெனா இயல்பாக ஒத்துழைக்கும் அதிர்வெண்) ஏறக்குறைய 55 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 காட்டினால் நிறுத்திவிடலாம்: கால் அலை ஆன்டெனாவின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) சுமார் 36 ஓம், 50 ஓம் கேபிளோடு அந்த விகிதம்தான் வரும். அழகாக 1.0 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். மீதி 14 ஓம் பெரும்பாலும் தரையில் வீணாகும் சக்தி.

5. மின்சாரம். 12.8 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. கேட்கும்போது 0.4, அனுப்பும்போது 2 ஆம்பியர் இழுக்கும் ரேடியோவில் கால்வாசி நேரம் அனுப்பினால் 5 மணி நேரம் தாராளமாக வரும். பேட்டரியை ஒட்டியே 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். ரேடியோவை முழுதாக மூடிய பெட்டியில் வைத்து வெயிலில் விட்டால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் சூடேறிச் சாகும்; நிழலில், மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் படகோடு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

6. அழைப்பு. நங்கூரம் போட்டுவிட்டு 14.060-இல் மோர்ஸைக் கேளுங்கள். ஆரம்பத்தில் சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) கத்திப் பேட்டரியைத் தீர்ப்பதைவிட, பலமாகக் கேட்கும் நிலையங்களுக்குப் பதில் கொடுப்பதே லாபம்.

7. கரையேறியதும். தகடு, இணைப்பான்கள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். கோஆக்ஸின் திறந்த முனையில் உப்புநீர் ஏறினால் பின்னல் பச்சை பூத்துவிடும், அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான். வெப்பச்சுருக்கக் குழாயால் அந்த முனையை முன்பே மூடிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.